கார்ப்பரேட் வரித் துறையில் வேலையா? புதிய வருமான வரிச் சட்டம் உங்கள் கேரியரை எப்படி மாற்றும்?

ஒரே ஒரு மாநிலத்தில் ஜிஎஸ்டி பதிவு வைத்திருக்கும் நிறுவனம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மாதாமாதம் டிடிஎஸ் கட்ட வேண்டும், அது 12. காலாண்டு டிடிஎஸ் அறிக்கை 4. முன்கூட்டிய வரி 4 தவணை. ஜிஎஸ்டிஆர்-1 ஒரு 12, ஜிஎஸ்டிஆர்-3பி ஒரு 12. ஆண்டு ஜிஎஸ்டி ரிட்டர்னும் அதனுடன் போகும் ஒப்பீட்டு அறிக்கையும் 2. வரித் தணிக்கை அறிக்கை, வெளிநாட்டுக் குழும நிறுவனத்துடன் கொடுக்கல் வாங்கல் இருந்தால் டிரான்ஸ்ஃபர் பிரைசிங் அறிக்கை, கடைசியில் நிறுவனத்தின் வருமான வரி ரிட்டர்ன் என இன்னும் 3.

கூட்டினால் ஆண்டுக்கு 49 கெடு தேதிகள். அதே நிறுவனம் 5 மாநிலங்களில் ஜிஎஸ்டி பதிவு வைத்திருந்தால் 153. மாதத்துக்குச் சராசரியாக 13. இது குறைந்தபட்சக் கணக்குதான். நோட்டீசுக்குப் பதில், மேல்முறையீடு, தணிக்கையாளர் கேட்கும் பட்டியல், இயக்குநர் குழுக் கூட்டத்துக்கான தாள் எதையும் இதில் சேர்க்கவில்லை.

கார்ப்பரேட் வரித் துறையில் சேரும் ஒருவருக்கு முதல் 3, 4 ஆண்டுகள் இந்தத் தேதிகளுக்குள்ளேயே ஓடிவிடும். 7-ஆம் தேதி, 11-ஆம் தேதி, 20-ஆம் தேதி எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வீர்கள். ஆனால் அடுத்த வேலைக்கான இன்டர்வியூவில், "இத்தனை வருஷத்துல நீங்க எடுத்த ஒரு முடிவைச் சொல்லுங்க" என்று கேட்டால் பலருக்கும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. ஏனென்றால் முடிவு எடுத்தது மேனேஜர். நீங்கள் செய்தது ஃபைலிங்.

இந்த இடத்திலிருந்து நகர்வதற்கு 2026 நல்ல ஆண்டு. காரணம், சட்டமே மாறியிருக்கிறது.

என்ன மாறியது?

1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக, வருமான வரிச் சட்டம் 2025 கடந்த ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. 2025 ஆகஸ்ட் 21 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்த சட்டம் இது. பழைய சட்டத்தில் இடையிடையே செருகப்பட்டவற்றையும் சேர்த்து 819 பிரிவுகள் இருந்தன. புதியதில் 536. அத்தியாயங்கள் 47-லிருந்து 23 ஆகக் குறைந்துள்ளன. சுமார் 5 லட்சம் சொற்கள் ஏறக்குறைய பாதியாகியிருக்கின்றன. 'முந்தைய ஆண்டு', 'மதிப்பீட்டு ஆண்டு' என்று புதிதாக வருபவர்களையெல்லாம் குழப்பிய இரட்டை ஏற்பாடு போய், 'வரி ஆண்டு' என்ற ஒன்று மட்டும் இருக்கிறது.

கார்ப்பரேட் வரி விகிதங்களில் இந்தச் சட்டம் பெரிய மாற்றம் எதையும் கொண்டு வரவில்லை. 2019 செப்டம்பரில் அவசரச் சட்டம் மூலம் வந்த 22 சதவீத விகிதம், கூடுதல் வரியும் செஸ்ஸும் சேர்த்து 25.17 சதவீதம், அப்படியே தொடர்கிறது. பெரிதாக மாறியது அடுக்கும் மொழியும் எண்களும்தான்.

"எண்தானே, ஒரு எக்செல் ஷீட்ல பழசு-புதுசு மேப்பிங் போட்டா முடிஞ்சுது" என்று தோன்றலாம். வேலை நடக்க அது போதும். கேரியருக்கு அது போதாது. 20 ஆண்டு அனுபவம் உள்ள சீனியரின் மதிப்பில் ஒரு பகுதி, எந்தப் பிரிவு எங்கே இருக்கிறது, எந்த விதிவிலக்கு எந்த ஷரத்தில் ஒளிந்திருக்கிறது என்ற நினைவில் இருந்தது. அந்த நினைவின் மதிப்பு இப்போது குறைந்திருக்கிறது. அவரும் நீங்களும் ஒரே புத்தகத்தை ஒரே ஆண்டில் படிக்கத் தொடங்கியிருக்கிறீர்கள். இதற்கு முன் இப்படி நடந்தது 2017 ஜூலை 1, ஜிஎஸ்டி வந்த நாள். அன்று எல்லோரும் புதியவர்களே.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. பழைய சட்டம் அலமாரிக்குப் போய்விடவில்லை. 2025-26 நிதியாண்டுக்கான ரிட்டர்ன் 1961 சட்டப்படிதான் தாக்கல் ஆகிறது. அதற்கு முந்தைய ஆண்டுகளின் மதிப்பீடுகள், மறுமதிப்பீடுகள், மேல்முறையீடுகள் எல்லாமே பழைய சட்டத்தில்தான் நடக்கும். ஆகவே இன்னும் பல ஆண்டுகளுக்கு இரண்டு சட்டங்களும் மேசையில் இருக்கும். சீனியர்களை மதிக்க இந்த ஒரு காரணமே போதும்!

எண் போனது, கேள்வி போகவில்லை

வரித் துறையில் இருப்பவர்களுக்கு ஒரு பழைய விவாதம் தெரியும். "இது 194சி-யா, 194ஜே-யா?" ஒரு சப்ளையருக்குக் கொடுக்கும் பணம் ஒப்பந்த வேலைக்கானது என்றால் டிடிஎஸ் 1 அல்லது 2 சதவீதம். தொழில்முறைச் சேவைக்கானது என்றால் 10 சதவீதம். தப்பாகப் போட்டால் வரி, வட்டி, அந்தச் செலவில் ஒரு பகுதியை ஏற்க மறுப்பது என்று வரிசையாக வரும்.

புதிய சட்டத்தில் சம்பளம் தவிர மற்ற டிடிஎஸ் எல்லாம் 393-ஆம் பிரிவின் அட்டவணைகளுக்குள் வந்துவிட்டன. சம்பளத்துக்கு 392. ஆக 194சி, 194ஜே என்ற பெயர்கள் இனி பேச்சு வழக்கில் மட்டும் வாழும். ஆனால் 'அந்த ஆள் செய்தது வேலையா, தொழில்முறைச் சேவையா' என்ற கேள்வி அட்டவணையின் வரிசையாக அங்கேயேதான் நிற்கிறது. அதற்குப் பதில் சொல்ல நீங்கள் இன்வாய்ஸைப் பார்த்தால் போதாது, ஒப்பந்தத்தைப் படிக்க வேண்டும்.

ஒப்பந்தத்தைப் படிப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு உச்ச நீதிமன்றத்தின் 'இன்ஜினியரிங் அனாலிசிஸ்' தீர்ப்பு நல்ல எடுத்துக்காட்டு. வெளிநாட்டு நிறுவனத்திடம் மென்பொருள் வாங்கக் கொடுத்த பணம் 'ராயல்டி'யா, டிடிஎஸ் பிடித்திருக்க வேண்டுமா என்பதே வழக்கு. 2021 மார்ச் 2 அன்று நீதிமன்றம் நிறுவனங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. வாங்கியவருக்குக் கிடைத்தது மென்பொருளைப் பயன்படுத்தும் அனுமதி மட்டுமா, காப்புரிமையே கைமாறியதா என்பதை நீதிமன்றம் பார்த்தது உரிம ஒப்பந்தங்களின் வாசகங்களில். அந்த வாசகங்களை முதல் நாளே யாராவது உட்கார்ந்து படித்தார்களா, கோப்பில் வைத்தார்களா என்பதில்தான் இப்படிப்பட்ட வழக்குகளின் உயிர் இருக்கிறது.

எனவே ஒரு சின்ன யோசனை. உங்கள் நிறுவனத்தில் அதிகப் பணம் போகும் 10 ஒப்பந்தங்களைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். யாரும் தடுக்க மாட்டார்கள், யாரும் கேட்கவும் மாட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கம் எழுதுங்கள்: யார் யாருக்கு என்ன தருகிறார், பழைய சட்டத்தில் எப்படி நடத்தினோம், புதிய சட்டத்தில் எந்த வரிசை, ஏன். புதிய சட்டத்தின் முதல் ஆண்டில் இந்த 5 பக்கத் தாள் உங்கள் டீமில் வேறு யாரிடமும் இருக்காது.

எந்த வேலையை மெஷின் எடுத்துக்கொண்டது?

இ-இன்வாய்ஸ் வந்த வேகத்தைப் பாருங்கள். 2020 அக்டோபரில் ஆண்டு விற்றுமுதல் ரூ.500 கோடிக்கு மேல் உள்ள நிறுவனங்களுக்கு மட்டும். 2021 ஜனவரியில் 100 கோடி, ஏப்ரலில் 50 கோடி. 2022 ஏப்ரலில் 20 கோடி, அக்டோபரில் 10 கோடி. 2023 ஆகஸ்டில் 5 கோடி. மூன்று ஆண்டுகளுக்குள் வரம்பு நூறில் ஒரு பங்கானது. இன்வாய்ஸ் விவரம் நேராக ஜிஎஸ்டி தளத்துக்குப் போகிறது. உள்ளீட்டு வரிக்கு ஜிஎஸ்டிஆர்-2பி தானாக உருவாகிறது. வருமான வரியில் ஏஐஎஸ் எனப்படும் ஆண்டுத் தகவல் அறிக்கை 2021 நவம்பரிலிருந்து இருக்கிறது.

முன்பு 4 பேர் எக்செல்லில் விலுக்-அப் போட்டு ஒப்பிட்ட வேலை இது. இன்று மென்பொருள் ஒப்பிட்டுவிட்டு, பொருந்தாத வரிகளை மட்டும் நீட்டுகிறது. அந்தப் பொருந்தாத வரிகளை என்ன செய்வது என்பதுதான் மனிதருக்கு மிச்சம் இருக்கும் வேலை. 'ரீகன்சிலியேஷன் முடித்தேன்' என்பதையே உங்கள் ரெஸ்யூமேவின் முதல் வரியாக வைத்திருந்தால் அதைக் கீழே இறக்குங்கள். பொருந்தாததை ஏன் பொருந்தவில்லை என்று கண்டுபிடித்தது மேலே வரட்டும்.

மேசையை விட்டு எழுந்தால் ரூ.1 கோடி

வரித் துறையின் மதிப்பை நிர்வாகத்துக்குப் புரிய வைப்பது கஷ்டம். நன்றாகச் செய்தால் எதுவும் நடக்காது. அதுதான் இந்த வேலையின் சாபம். ஆனால் சில விஷயங்களில் ரூபாய்க் கணக்கு கையில் கிடைக்கும்.

சிறு, குறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பணத்தைக் காலத்தில் கொடுக்காவிட்டால் அந்தச் செலவை அந்த ஆண்டு கழிக்க முடியாது என்ற விதி 2023-24 நிதியாண்டில் வந்தது. பழைய சட்டத்தில் 43பி(எச்) என்று எல்லோருக்கும் தெரிந்த விதி. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லையென்றால் 15 நாள். உற்பத்தி, சேவைத் துறையில் உள்ள குறு, சிறு நிறுவனங்களுக்கு இது பொருந்தும். நடுத்தர நிறுவனங்கள் இதில் வராது.

மார்ச் 31 அன்று இப்படிக் கெடு தாண்டிய பாக்கி ரூ.4 கோடி என்று வையுங்கள். அந்த 4 கோடியும் வருமானத்தில் கூடும். 25.17 சதவீதத்தில் கூடுதல் வரி சுமார் ரூ.1 கோடி. அடுத்த ஆண்டு பணம் கொடுத்ததும் கழித்துக்கொள்ளலாம் என்றாலும், இந்த ஆண்டு கையிலிருந்து ஒரு கோடி போகும். ஆனால் தாமதமான பாக்கியைக்கூட மார்ச் 31-க்குள் கொடுத்துவிட்டால் அந்தச் செலவை இந்த ஆண்டே கழிக்கலாம்.

இதைச் செய்ய வேண்டியவர் யார்? பில் பாஸ் செய்வது கொள்முதல் பிரிவு, பணம் அனுப்புவது கணக்குப் பிரிவு. இரண்டு பேருக்கும் வருமான வரிச் சட்டம் தெரிய வேண்டிய அவசியமில்லை. பிப்ரவரி மாதத்தில் நீங்கள் எழுந்து போய், 'இந்த 37 சப்ளையர், இவ்வளவு பாக்கி, இந்தத் தேதிக்குள் கொடுத்தால் இவ்வளவு வரி மிச்சம்' என்று ஒரு பக்கம் நீட்டினால்தான் நடக்கும். இதில் ஒரு நுணுக்கமும் உண்டு. 2025 ஏப்ரல் 1 முதல் சிறு நிறுவனத்துக்கான விற்றுமுதல் வரம்பு ரூ.50 கோடியிலிருந்து 100 கோடியாகவும், முதலீட்டு வரம்பு 10 கோடியிலிருந்து 25 கோடியாகவும் உயர்ந்தது. நேற்று வரை 'நடுத்தரம்' என்று பட்டியலுக்கு வெளியே இருந்த சப்ளையர் இன்று உள்ளே இருக்கலாம். உங்கள் வெண்டர் மாஸ்டரில் பழைய உத்யம் சான்றிதழ் கிடந்தால் கணக்கு தப்பும்.

இன்னொரு எளிய பயிற்சி. உங்கள் நிறுவனத்தின் லாபம் ரூ.100 கோடி, வரி விகிதம் 25.17. வரி 25.17 கோடி இருக்க வேண்டும். ஆனால் கணக்கில் 25.67 கோடி காட்டுகிறது. அந்த 50 லட்சம் எங்கிருந்து வந்தது? சிஎஸ்ஆர் செலவு 2 கோடி இருந்தால் விடை அதுதான். வணிகச் செலவாக அதைக் கழிக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. சிஎஃப்ஓ ஒவ்வொரு காலாண்டும் கேட்கும் கேள்வி இது: 'எஃபெக்டிவ் டாக்ஸ் ரேட் ஏன் ஏறியது?' இதற்கு ஒரு பக்கத்தில், வரி வாரியாகப் பதில் தரத் தெரிந்தவரை சிஎஃப்ஓ பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அப்ரைசல் நேரத்தில் இது எவ்வளவு பயன்படும் என்று விளக்க வேண்டியதில்லை.

முகம் தெரியாத அதிகாரிக்கு எழுதுவது எப்படி?

ஒரு காலத்தில் வரி வழக்கு என்றால் ஆடிட்டர் அதிகாரியைப் போய்ப் பார்ப்பார், பேசுவார், விளக்குவார். 2020 ஆகஸ்ட் 13 அன்று பிரதமர் தொடங்கிவைத்த முகமில்லா மதிப்பீட்டு முறை அதைப் பெரும்பாலும் முடித்துவைத்தது. சோதனை தொடர்பான வழக்குகள், சர்வதேச வரி வழக்குகள் போன்றவை இதற்கு விலக்கு. மற்றபடி உங்கள் கோப்பை எந்த ஊரில், யார் பார்க்கிறார் என்பதே தெரியாது. வீடியோ மூலம் விசாரணை கேட்கலாம். ஆனால் வழக்கின் பெரும்பகுதி நீங்கள் தளத்தில் பதிவேற்றும் எழுத்தில்தான் நிற்கிறது.

இந்த மாற்றம் யாருக்குச் சாதகம்? சபையில் பேசக் கூச்சப்படும், ஆனால் நிதானமாக எழுதும் ஆட்களுக்கு. தமிழ்நாட்டிலிருந்து டெல்லிக்கோ மும்பைக்கோ வேலைக்குப் போய், மீட்டிங்கில் இந்தியில் வளவளவென்று பேச முடியாமல் தவிக்கும் இளைஞர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

நல்ல பதில் எப்படி இருக்கும்? முதல் பத்தியிலேயே கேட்ட கேள்வி என்ன, உங்கள் பதில் என்ன என்பது வந்துவிட வேண்டும். பிறகு நடந்தது என்ன, தேதி வாரியாக. அதற்குப் பிறகே சட்டம், தீர்ப்புகள். பலர் தலைகீழாக எழுதுகிறார்கள். 14 தீர்ப்புகளை அடுக்கிவிட்டு, தங்கள் நிறுவனத்தில் நடந்ததை ஒரே வரியில் சொல்கிறார்கள். படிப்பவருக்கு உங்கள் நிறுவனத்தைப் பற்றி எதுவும் தெரியாது என்பதை மறந்துவிடுகிறார்கள். உங்கள் முதல் வாதம் தோற்றால் இரண்டாவது என்ன என்ற மாற்று வாதத்தையும் அங்கேயே வையுங்கள், மேல்முறையீட்டில் உதவும். ஒவ்வொரு ஆவணத்துக்கும் பக்க எண் கொடுங்கள். 'இணைப்பில் காண்க' என்று 300 பக்கப் பிடிஎஃப்பை நீட்டினால் யாரும் காண மாட்டார்கள்.

இதற்கான பயிற்சி இலவசம். 1941-இல் தொடங்கிய வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் உத்தரவுகள் அதன் இணையதளத்தில் கிடைக்கின்றன. ஒரு வழக்கில் உண்மையில் நடந்தது என்ன என்பதைக் கடைசியாக முடிவு செய்யும் இடம் அதுதான். வாரத்துக்கு ஒன்று, உங்கள் துறை சார்ந்ததாக எடுத்துப் படித்தால் போதும். எந்த ஆவணம் இல்லாததால் எந்த நிறுவனம் தோற்றது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மறைமுக வரியில் இருப்பவர்களுக்கு இதேபோன்ற களம் இப்போதுதான் திறந்திருக்கிறது. ஜிஎஸ்டி வந்து 8 ஆண்டுகளுக்குப் பிறகு, 2025 செப்டம்பர் 24 அன்று ஜிஎஸ்டி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் தொடங்கிவைக்கப்பட்டது. இத்தனை ஆண்டுகள் தேங்கிய வழக்குகள் அங்கே போகும்போது வரைவு எழுதத் தெரிந்த இளம் ஆட்கள் தேவைப்படுவார்கள்.

ஆடிட் நிறுவனமா, கம்பெனியா, ஜிசிசியா?

ஆடிட் அல்லது ஆலோசனை நிறுவனத்தில் பல துறைகளைப் பார்ப்பீர்கள். சிமென்ட், மருந்து, மென்பொருள் எல்லாம் ஒரே ஆண்டில் வரும். விலை: செப்டம்பர் முதல் நவம்பர் வரை வீட்டில் உங்களைப் பார்க்க முடியாது. கம்பெனியின் வரிப் பிரிவில் ஒரே தொழிலை ஆழமாகப் பார்ப்பீர்கள், முடிவு எடுக்கும் அறைக்கு அருகில் இருப்பீர்கள், ஆனால் 5 ஆண்டுக்குப் பிறகு அந்த ஒரு தொழில் மட்டுமே தெரியும்.

மூன்றாவது, உலகளாவிய திறன் மையங்கள், அதாவது ஜிசிசி. நாஸ்காமும் ஜின்னோவும் சேர்ந்து வெளியிட்ட கணக்குப்படி 2024 நிதியாண்டில் இந்தியாவில் 1,700-க்கும் மேற்பட்ட ஜிசிசிகள் இருந்தன, சுமார் 19 லட்சம் பேர் வேலை பார்த்தார்கள். இந்த மையங்கள் பலவற்றில் தாய் நிறுவனத்தின் வரி வேலையும் நடக்கிறது. அமெரிக்க ரிட்டர்ன், ஐரோப்பிய வாட், 75 கோடி யூரோவுக்கு மேல் விற்றுமுதல் உள்ள குழுமங்களுக்கான 15 சதவீத உலகளாவிய குறைந்தபட்ச வரிக் கணக்கு என்று போகும். நேரம் ஒழுங்காக இருக்கலாம். ஆனால் 4 ஆண்டுகள் வெளிநாட்டு வரியை மட்டும் பார்த்தால் இந்தியச் சட்டத்தில் கை ஆறிப்போகும், அதுவும் சட்டம் மாறிய காலத்தில். சேருமுன் ஒன்றைக் கேளுங்கள்: கணக்கு இங்கே போடப்படுகிறது, முடிவும் இங்கே எடுக்கப்படுகிறதா? 'ரிவ்யூ வெளிநாட்டில்' என்றால் பழையபடி ஃபைலிங் வேலைதான், நாடு மட்டும் வேறு.

எங்கள் கருத்து: முதல் 3 ஆண்டுகள் ஆலோசனை நிறுவனத்தில், பிறகு கம்பெனிக்கு. எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டோம். வீட்டில் சின்னக் குழந்தையோ வயதான பெற்றோரோ இருந்தால் கணக்கு வேறு.

இன்னொரு படிப்பு தேவையா?

போகும் இடம் தெரிந்த பிறகு படியுங்கள். அமெரிக்க வரிக்கு 'என்ரோல்டு ஏஜென்ட்' தேர்வு 3 தாள்கள், பட்டம்கூடத் தேவையில்லை. சர்வதேச வரி, டிரான்ஸ்ஃபர் பிரைசிங் என்றால் பிரிட்டனின் வரி நிறுவனம் நடத்தும் ஏடிஐடி. வழக்காடும் பக்கம் சாய்ந்தால் சட்டப் பட்டம். சிஏ ஒருவர் தீர்ப்பாயம் வரை வாதாடலாம், உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞர்தான் நிற்க முடியும். சிஏ முடிக்காதவர்களுக்கு ஒரு கசப்பான உண்மை: வரித் தணிக்கை அறிக்கையிலும் டிரான்ஸ்ஃபர் பிரைசிங் அறிக்கையிலும் கையெழுத்திடும் அதிகாரம் சிஏவுக்கு மட்டும்தான். ஆனால் கம்பெனியின் வரித் தலைவர் ஆவதற்குச் சட்டம் அப்படி எந்த நிபந்தனையும் வைக்கவில்லை.

"பழைய தேதி போட்டு ஒரு இன்வாய்ஸ் வாங்கிடலாமா?"

இந்தக் கேள்வி உங்களிடம் ஒரு நாள் வரும். பெரும்பாலும் மார்ச் கடைசி வாரம், பெரும்பாலும் வாய்மொழியாக, பெரும்பாலும் உங்களைவிடப் பெரிய பதவியில் இருப்பவரிடமிருந்து.

சட்டத்தில் வருமானத்தைக் குறைத்துக் காட்டினால் அந்த வரியில் 50 சதவீதம் அபராதம். போலி ஆவணம், உண்மையைத் திரித்தல் என்றால் 200 சதவீதம். நிறுவனத்துக்கு இது பணம். உங்களுக்கு இது பெயர். சான்றளிக்கும் சிஏ தவறான தகவல் தந்தால் அறிக்கை ஒன்றுக்கு ரூ.10,000 அபராதம் என்று 2017-இல் வந்த விதி சொல்கிறது. தொகை சின்னது. ஆனால் 2019 முதல் வரித் தணிக்கை அறிக்கைகளுக்கு யுடிஐஎன் என்ற தனி அடையாள எண் கட்டாயம். எந்தக் கையெழுத்து யாருடையது என்பது அழியாமல் பதிவாகிறது. சிஏ நிறுவனத்தின் ஒழுங்கு நடவடிக்கை தனி.

சண்டை போட வேண்டாம், ஹீரோ ஆகவும் வேண்டாம். "சார், நீங்க சொன்னதை மெயில்ல போட்டுடறேன், அபராத ரிஸ்க்கையும் சேர்த்து எழுதறேன், கன்சல்டன்ட் கிட்ட ஒரு ஒபினியன் வாங்கிடலாம்" என்று சொல்லிப் பாருங்கள். எழுத்துக்கு வந்ததும் பாதி யோசனைகள் காணாமல் போய்விடும். ஏற்கெனவே தவறு நடந்திருந்தால், மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 48 மாதங்கள் வரை கூடுதல் வரி கட்டி ரிட்டர்னைப் புதுப்பிக்க 2025 நிதிச் சட்டம் வழி வைத்திருக்கிறது. தாமதம் ஆக ஆகக் கூடுதல் வரி 25, 50, 60, 70 சதவீதம் என ஏறும். விசாரணை தொடங்கிவிட்டால் இந்தக் கதவு பெரும்பாலும் மூடிவிடும் என்பதால், இதை முதலில் நிர்வாகத்திடம் சொல்பவர் நீங்களாக இருப்பது நல்லது. இதற்குப் பிறகும் அழுத்தம் தொடர்ந்தால் அது வேறு வேலை தேட வேண்டிய இடம்.

சீசன் நேரமும் உடம்பும்

2024-இல் புனேயில், பெரிய நிறுவனம் ஒன்றில் சேர்ந்து 4 மாதங்களே ஆன 26 வயது பெண் சிஏ இறந்தார். வேலைச் சுமையே காரணம் என்று அவருடைய தாய் எழுதிய கடிதம் நாடு முழுக்கப் பேசப்பட்டது. நிறுவனம் அதை ஏற்கவில்லை. அதன் பிறகும் சீசன் என்பது சீசனாகத்தான் இருக்கிறது.

சட்டம் காப்பாற்றுமா? 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. கூடுதல் நேர வேலைக்கு இரு மடங்கு ஊதியம் என்கின்றன. ஆனால் அது 'தொழிலாளி'க்கு. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களும், ரூ.18,000-க்கு மேல் சம்பளம் வாங்கும் மேற்பார்வையாளர்களும் அந்த வரையறைக்கு வெளியே. உங்கள் விசிட்டிங் கார்டில் 'மேனேஜர்' என்று ஏறியதும் நீங்களும் வெளியே போக வாய்ப்பு அதிகம்.

கெடு நீட்டிப்பை நம்பித் திட்டமிடாதீர்கள். 2025-இல் வரித் தணிக்கை அறிக்கைக்கான கெடு செப்டம்பர் 30-லிருந்து அக்டோபர் 31, பிறகு நவம்பர் 10 என்று தள்ளிப்போனது. ரிட்டர்ன் டிசம்பர் 10. செய்தி வந்த அன்று வாட்ஸ்அப் குரூப்பில் கைதட்டல் எமோஜி பறக்கும். நடைமுறையில் நடப்பது, சீசன் 6 வாரம் நீள்வதுதான். ஜூலை மாதமே தணிக்கைக்கான தரவைக் கேட்டு வாங்கத் தொடங்கும் டீமில் இருப்பது, நீட்டிப்புக்காகப் பிரார்த்திக்கும் டீமில் இருப்பதைவிட உடம்புக்கு நல்லது.

எப்போது மாறுவது?

பல இடங்களில் நோட்டீஸ் பீரியட் 90 நாள். செப்டம்பர் 1 அன்று ராஜினாமா கொடுத்தால் நவம்பர் கடைசியில் விடுவிப்பார்கள். அதாவது முழு சீசனையும் நோட்டீஸில் உழைத்துக் கழிப்பீர்கள், அப்ரைசலும் கிடைக்காது. டிசம்பரில் கொடுத்தால் மார்ச் தொடக்கத்தில் வெளியே வரலாம். புதிய இடத்தில் கடைசித் தவணை முன்கூட்டிய வரி, ஆண்டு முடிவுக் கணக்கு நேரம். ஆள் தேவைப்படும் காலம், கற்றுக்கொள்ளவும் நல்ல காலம்.

இன்டர்வியூவுக்கு முந்தைய நாள் இரவு அந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையை இறக்கிப் பாருங்கள். பட்டியலிடப்பட்ட நிறுவனம் என்றால் அதன் இணையதளத்திலேயே இருக்கும். தணிக்கையாளர் அறிக்கையின் இணைப்பில், ஏழாவது ஷரத்தின் கீழ், வழக்கில் சிக்கிய வரிப் பாக்கிகள் எந்தச் சட்டம், எவ்வளவு, எந்த ஆண்டு, எந்த மன்றத்தில் என்று அட்டவணையாக வந்திருக்கும். குறிப்புகள் பகுதியில் வரி விகித ஒப்பீடும் இருக்கும், அந்த 25.17-க்கும் அவர்கள் காட்டியதற்கும் இடையிலான கணக்கு. இரண்டையும் படித்துவிட்டு, "2016-17 விஷயம் இன்னும் கமிஷனர் அப்பீல்ல இருக்கே, யார் பார்க்கறாங்க?" என்று நீங்கள் கேட்டால், எதிரே இருப்பவர் ரெஸ்யூமேவைக் கீழே வைத்துவிட்டுப் பேச ஆரம்பிப்பார்.